மறுமலர்ச்சிக் கால இசையில் மெட்டு எங்கே இருக்கிறது?

கேள்வி: மாடிவீட்டுக்காரன், 3 நவம்பர் 2023

ஒரு வாரமாக மறுமலர்ச்சிக் கால இசையைத் தேடித் தேடிக் கேட்கிறேன். லியொனார்டோவும் மிக்கேலாஞ்சலோவும் என்ன கேட்டிருப்பார்கள் என்ற ஆசைதான். எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. நாலைந்து பேர் ஒரே நேரத்தில் ஆளுக்கொன்று பாடுகிறார்கள். மெட்டு பிடிபடவில்லை, தாளம் எங்கே விழுகிறது என்று தெரியவில்லை, வார்த்தை சுத்தமாகப் புரியவில்லை. கருவி ஒன்றையும் காணோம். அந்தக் காலத்தில் கருவியே கிடையாதா, தேவாலயத்தில் தடையா? ஓவியத்தில் எங்கேயோ போய்விட்டவர்கள் இசையில் மட்டும் தவழ்ந்துகொண்டிருந்தார்கள் என்பது என் முடிவு. தப்பென்றால் சொல்லுங்கள்.

நாலாம்குரல், 3 நவம்பர், இரவு 11.40

தப்பு. பத்து வருடத்துக்கு முன் நானும் இதையேதான் சொன்னேன், அதனால் கோபமில்லை.

முதலில் கருவி. ஏராளமாக இருந்தன. இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி 1547-ல் இறந்ததும் அரண்மனைச் சாமான்களைக் கணக்கெடுத்தார்கள். ரெக்கார்டர் மட்டும் 76. மற்றதெல்லாம் தனிக் கணக்கு.

உங்களுக்குக் கிடைத்தவை போப்பின் சொந்தத் தேவாலயத்து வகையாக இருக்கும். சிஸ்டைன் சேப்பலில் அன்றைக்குக் குரல் மட்டும்தான், கருவி நுழையாது. மிக்கேலாஞ்சலோ விட்டத்தைப் பார்த்து வரைந்த அதே இடம். அங்கே பாடகர்கள் நிற்கும் மாடத்துச் சுவரில் ஜோஸ்கன் என்று ஒரு பெயர் கீறியிருக்கிறது. 1490 வாக்கில் அங்கே பாடிய ஜோஸ்கன் தெ ப்ரே, அன்றைய ஐரோப்பாவின் பெரிய இசையமைப்பாளர், அவரே கிறுக்கியது என்கிறார்கள். நம் கோயில் தூணில் பெயர் செதுக்குகிறவர்களை இனி நான் திட்டப்போவதில்லை.

மற்ற ஊர்களில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. செவில் பேராலயம் 1526-லேயே ஊதுகருவிக்காரர்களைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டது. வெனிஸின் சான் மார்க்கோ 1568-ல் அதையே செய்தது.

மெட்டு விஷயம் நாளை. தூக்கம் வருகிறது.

நாலாம்குரல், 4 நவம்பர், காலை

பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்புக்கு வந்த புதிதில் அலுவலக நண்பர் ஒருவர் என்னை ஒரு குழுவுக்கு இழுத்துப் போனார். வியாழக்கிழமை சாயங்காலம், பேட்டைத் தேவாலயத்தின் பின்கட்டில் பத்துப் பன்னிரண்டு பேர். பாதிப் பேர் பாடுவார்கள், பாதிப் பேர் ஏதாவது ஊதுவார்கள். எனக்கு வாய்ப்பாட்டு வர்ணம் வரை தெரியும், மேற்கத்தியக் குறிமுறை அரைகுறை. டெனர் குரலை, அதாவது நாலில் கீழிருந்து இரண்டாவதை, கையில் கொடுத்தார்கள்.

ஒரு வாரம் வீட்டில் பாடிப் பார்த்தேன். மெட்டே இல்லை. ஒரே ஸ்வரத்தில் நெடுநேரம் நிற்க வேண்டும், ஒரு படி இறங்க வேண்டும், அப்புறம் சும்மா இருக்க வேண்டும். இதைப் போய் ஒரு மேதை எழுதினாரா என்று மனைவியிடம் புலம்பினேன்.

அடுத்த வியாழன் நாலு குரலும் சேர்ந்தன. நான் அதே ஸ்வரத்தைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். அடிக்குரல் பாடும் பாஸ்காரர் இரண்டு படி ஏறினார், என் ஸ்வரம் வேறொன்றாகிவிட்டது. போன நொடி பஞ்சமமாக இருந்தது இப்போது காந்தாரம். நமக்கு ஸட்ஜம் அசையாது. அசைத்தால் அது கிரகபேதம், வித்வான் ஒருமுறை செய்தாலே கைதட்டுகிறோம். இங்கே அது நொடிக்கொரு தரம் நடக்கிறது. செய்கிறவர் யார் என்றால் ஒருவருமில்லை, நாலு பேரும்தான்.

அதனால் மெட்டு எங்கே என்ற கேள்விக்கு என் பதில், எல்லாக் குரலிலும் துண்டு துண்டாக. ஒருவர் தொடங்கியதை இரண்டாமவர் நாலு அடி தள்ளி எடுப்பார், மூன்றாமவர் கீழே எடுப்பார்.

இன்னொன்று. அன்றைக்குப் பாடகர் கையில் முழுப் பாட்டும் இருக்காது. ஒவ்வொரு குரலுக்கும் தனிப் புத்தகம். சூப்பீரியஸ், ஆல்டஸ், டெனர், பாஸஸ் என்று நாலு சின்ன நூல்கள். என் புத்தகத்தில் என் வரி மட்டும். மற்றவர் என்ன செய்வார் என்று காதால்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வெளியே உட்கார்ந்து கேட்கிறவரைப் பற்றி இவர்கள் கவலைப்பட்டதே இல்லை. இது பாடுகிறவர்களுக்கான இசை.

நாலாம்குரல், 4 நவம்பர், மதியம்

தாளம் கேட்டிருந்தீர்கள், விட்டுப்போயிற்று. கையை இறக்கி ஏற்றுவார்கள், அவ்வளவுதான். அதற்கு டாக்டஸ் என்று பெயர். தாளில் இன்று போல் நாலு எண்ணிக்கைக்கு ஒரு செங்குத்துக்கோடு கிடையாது. நாலு குரலும் நாலு இடத்தில் அழுத்தம் கொடுக்கும், நீங்கள் தேடிய 'விழும் இடம்' அதனால்தான் அகப்படவில்லை. நடன இசையில் அகப்படும். எங்கள் ஊர்க்காரர் டில்மன் சுசாட்டோ 1551-ல் அச்சிட்ட நடனத் தொகுப்பைக் கேளுங்கள், கால் தானாகத் தட்டும்.

நாலாம்குரல், 4 நவம்பர், மதியம் (மறுபடி)

'ரெக்கார்டர் அப்போதே வந்துவிட்டதா, கேசட் எங்கே வாங்கினார்கள்' என்று கேட்ட புண்ணியவானுக்கு: அது ஒரு புல்லாங்குழல். வாய்ப்பக்கம் விசில் மாதிரி இருக்கும், நேராகப் பிடித்து ஊதுவது. எட்டாம் ஹென்றியிடம் 76 டேப் ரெக்கார்டர் இருந்திருந்தால் அவருடைய ஆறு கல்யாணத்திலும் பேசியதெல்லாம் இன்று நமக்குக் கிடைத்திருக்கும்.

நாலாம்குரல், 6 நவம்பர்

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கருவிகளைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். ஞாயிறு போய்விட்டது, சரி.

அவர்கள் கருவிகளைப் பிரித்த விதமே வேறு. தந்தி, காற்று, தோல் என்று பார்க்கவில்லை. சத்தமானவை, மெல்லியவை. தெருவுக்கும் மைதானத்துக்கும் ஒரு கூட்டம், அறைக்குள் ஒரு கூட்டம். நாமும் நாகஸ்வரத்தை வீட்டுக் கூடத்தில் வைத்துக் கேட்பதில்லையே.

சத்தக் கூட்டத்தின் தலைவன் ஷாம். இரட்டை நாக்கு, விரிந்துகொண்டே போகும் மரக்குழல். குடும்பத்தில் நாகஸ்வரத்துக்கும் ஷெனாய்க்கும் ஒன்றுவிட்ட உறவு. முதல் தடவை ஒரு சதுக்கத்தில் மூன்று ஷாமும் ஒரு சாக்பட்டும் சேர்ந்து வாசித்ததைக் கேட்டபோது, கையில் இருந்த வறுத்த உருளைக்கிழங்கை மறந்து சுவாமி எங்கே வருகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். சீவாளி மாதிரியே நாணல் வகைத் தண்டைச் சீவித்தான் அதற்கும் நாக்கு செய்கிறார்கள். கமகம் மட்டும் கேட்காதீர்கள்.

சாக்பட் என்பது டிராம்போனின் தாத்தா. உடல் மெல்லியது, வாய் சிறியது, சத்தமும் அடக்கம். அதனால் தேவாலயத்துக்குள்ளும் வந்து குரல்களுக்குத் துணை நின்றது. கூடவே வரும் ஜோடி கார்னெட்டோ. ஐஸ்கிரீம் இல்லை. வளைந்த மரத்தை இரண்டாகப் பிளந்து, குடைந்து, ஒட்டி, மேலே கறுப்புத் தோல் சுற்றியிருப்பார்கள். விரல் துளைகள் புல்லாங்குழல் மாதிரி, ஊதுவது எக்காளம் மாதிரி உதட்டால். மனிதக் குரலுக்கு இதைவிட நெருங்கிய கருவி இல்லை என்று அன்றைக்கு எல்லோரும் நம்பினார்கள். மெர்சென் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1636-ல் இதன் ஒலியை இருட்டில் விழும் வெயில் கீற்றோடு ஒப்பிட்டார். எங்கள் குழுவில் ஒருவர் நாலு வருடமாகக் கற்கிறார். வெயில் இன்னும் வரவில்லை.

மெல்லிய கூட்டத்தில் ராஜா லூட். அரபு நாட்டு ஊத் ஸ்பெயின், சிசிலி வழியாக வந்து பெயர் சுருங்கி லூட் ஆயிற்று. பாதிப் பேரிக்காய் வடிவ முதுகு, பின்னால் மடங்கிய தலை, ஆறு வரிசைத் தந்தி. மேல் தந்தி ஒற்றை, மற்றவை இரட்டை, ஆக 11. எல்லாம் ஆட்டுக்குடல். மெட்டுக்கட்டைகூடக் குடல்தான், கழுத்தைச் சுற்றி முடிச்சுப் போட்டிருக்கும், நகர்த்திக்கொள்ளலாம். 15ஆம் நூற்றாண்டின் பிற்பாதிவரை இறகால் மீட்டினார்கள். அப்புறம் இறகை எறிந்துவிட்டு விரலால் மீட்டத் தொடங்கினார்கள். காரணம் நான் சனிக்கிழமை சொன்னதுதான். இறகால் ஒரு குரலைத்தான் ஓட்ட முடியும், விரலால் மூன்று நாலு குரல் ஒரே ஆள்.

சொந்தக் கதை: ஒரு இணையக் கடையில் மலிவாக லூட் வாங்கினேன். நிஜ லூட்டைத் தூக்கினால் காலி டப்பா மாதிரி இருக்கும், மேல்பலகை இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது. எனக்கு வந்தது பலாக்கட்டை. முறுக்காணி ஒன்றும் நிற்கவில்லை. திருப்பி அனுப்பலாம் என்றால் தபால் செலவு கருவி விலையில் பாதி. இப்போது கூடத்தில் தொங்குகிறது, வருகிறவர்கள் மாண்டலினா என்று கேட்கிறார்கள். ஆமாம் என்கிறேன்.

அப்புறம் வயல். இப்படி எழுதினால் நாற்று நடக் கிளம்பிவிடுவீர்கள், அதனால் வியோல் என்று வைத்துக்கொள்வோம். இத்தாலிப் பெயர் வியோலா ட காம்பா, காம்பா என்றால் கால். தொடைகளுக்கு நடுவில் நிறுத்தி, உள்ளங்கை மேலே பார்க்க வில்லைப் பிடித்து வாசிப்பார்கள். ஆறு தந்தி, லூட் போலவே முடிச்சு மெட்டுக்கட்டைகள். சின்னது நடுத்தரம் பெரியது என்று ஒரே குடும்பமாக ஒரே பெட்டியில் வைத்திருப்பார்கள், வீட்டில் விருந்தாளி வந்தால் பெட்டியைத் திறந்து ஆளுக்கொன்று. இதிலிருந்துதான் பிற்காலத்தில் வயலினும் செல்லோவும் பிறந்தன.

நாலாம்குரல், 7 நவம்பர்

மேலே கடைசி வரியை அழிக்க மனமில்லை, பிழை அப்படியே கிடக்கட்டும். வியோலிலிருந்து வயலின் பிறக்கவில்லை. இரண்டும் ஒரே காலத்துப் பங்காளிகள். கிரெமோனாவில் ஆண்ட்ரியா அமாட்டி 1560-களில் பிரான்ஸ் அரசர் ஒன்பதாம் சார்லஸுக்கு வயலின்கள் செய்துகொடுத்துவிட்டார். வயலினும் மறுமலர்ச்சிக் காலக் கருவிதான்.

ஏன் குழம்பினேன் என்றால், அன்றைய பெரிய மனிதர்கள் வயலினைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். 1556-ல் லியோனில் அச்சான ஒரு நூல் வெளிப்படையாகவே சொல்கிறது. வியோல் கனவான்களும் வணிகர்களும் பொழுதுபோக்குக்கு வாசிப்பது, வயலின் கூலிக்கு வாசிப்பவர்கள் கல்யாணத்திலும் நடனத்திலும் வாசிப்பது. கருவிக்கும் சாதி பார்த்திருக்கிறார்கள். நமக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்த நூலாசிரியர் பெயர் ஃபிலிபேர் ஜாம்ப் த ஃபேர். அர்த்தம் இரும்புக்கால். கால் வியோலைப் பற்றி எழுத இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார்.

நாலாம்குரல், 11 நவம்பர்

'அவர்களுக்கு ஸ ரி க ம உண்டா' என்று 'ஒத்து' அண்ணன் கேட்டிருக்கிறார். உண்டு, ஆனால் ஆறுதான். உத், ரே, மி, ஃபா, சோல், லா. 11ஆம் நூற்றாண்டில் குயிதோ என்ற இத்தாலியத் துறவி ஒரு பாசுரத்தின் வரித் தொடக்க எழுத்துகளை எடுத்துச் செய்தது. ஏழாவது அப்புறம்தான் வந்தது. ஆறில் உலகம் முடியாதே, அதனால் மூன்று இடத்திலிருந்து இந்த ஆறையும் தொடங்குவார்கள், ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். ஒரே ஸ்வரத்துக்கு ஓரிடத்தில் லா, இன்னோரிடத்தில் மி, மற்றொன்றில் ரே. அந்த ஸ்வரத்தின் எழுத்து A, முழுப் பெயர் 'அ லா மி ரே'.

அதையே தன் பெயராக வைத்துக்கொண்டார் ஒரு ஆசாமி, பெட்ரஸ் அலாமிரே. என் வீட்டிலிருந்து ரயிலில் அரை மணிகூட ஆகாது, மெக்கலன் என்ற ஊரில் பட்டறை வைத்திருந்தார். இசைச்சுவடி எழுதும் பட்டறை. ஐரோப்பாவின் அரசர்கள் ஒருவருக்கொருவர் பரிசளிக்க இவரிடம்தான் வாங்கினார்கள். விளிம்பெல்லாம் பூவும் பூச்சியும் குரங்கும் வரைந்த தோல் ஏடுகள். கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். ஒரே புத்தகத்தை உயரத்தில் வைத்து மொத்தக் குழுவும் பார்த்துப் பாட வசதியாக எழுத்து ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன்.

அரண்மனைக்கு அரண்மனை போய்வரும் ஆள் வேறு எதற்கு உதவுவார்? எட்டாம் ஹென்றி அவரை ஒற்றனாக வைத்துக்கொண்டார். இங்கிலாந்துச் சிம்மாசனத்துக்கு உரிமை கொண்டாடிக்கொண்டு வெளிநாட்டில் திரிந்த ரிச்சர்ட் த லா போலைக் கண்காணிக்க வேண்டும். அலாமிரே இரண்டு பக்கமும் வேலை செய்கிறார் என்று பின்னால் ஹென்றிக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதன் பிறகு இங்கிலாந்துப் பக்கம் போகவில்லை, சமர்த்து. 1536-ல் செத்துப்போனார், படுக்கையில்தான் என்று நம்புகிறேன்.

நாலாம்குரல், 11 நவம்பர், இரவு

உத் ரே மி பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு ரொம்பப் பிடித்தது. ஃபெராரா பிரபு எர்கோலேவுக்கு ஜோஸ்கன் ஒரு திருப்பலி இசை எழுதினார். பிரபுவின் லத்தீன் பட்டம் 'ஹெர்குலெஸ் துக்ஸ் ஃபெராரியே'. அதில் உயிரெழுத்துகளை மட்டும் எடுங்கள்: எ, உ, எ, உ, எ, அ, இ, எ. ஒவ்வொன்றுக்கும் அதே உயிர் வரும் ஸ்வரம்: ரே, உத், ரே, உத், ரே, ஃபா, மி, ரே. நம் கணக்கில் ரி ஸ ரி ஸ ரி ம க ரி. இதை டெனர் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டே இருக்கும், சுற்றி மற்ற குரல்கள் கோபுரம் கட்டும். ஸ்வராட்சரம் என்று நாம் சொல்வோமே, அதை ஒரு மனிதரின் பெயரில் செய்திருக்கிறார். முகஸ்துதியை இவ்வளவு உயரத்துக்கு யாரும் கொண்டுபோனதில்லை.

இதே பிரபு ஆள் எடுத்த கதையும் இருக்கிறது. 1502-ல் அவருடைய ஆள் ஒருவர் கடிதம் எழுதுகிறார்: ஐசாக் என்பவர் நல்ல மாதிரி, கேட்டபோது எழுதுவார், 120 டூகாட் (தங்க நாணயம்) போதும். ஜோஸ்கன் இன்னும் நன்றாக எழுதுவார், ஆனால் தனக்குத் தோன்றும்போதுதான் எழுதுவார், 200 கேட்கிறார். பிரபு 200 கொடுத்தார். அடுத்த வருடம் வந்த ஜோஸ்கன், 1504-ல் கொள்ளைநோய்க்குப் பயந்து கிளம்பிவிட்டார். பதிலுக்கு வந்த ஓப்ரெக்ட் அடுத்த வருடமே அந்த நோயில் இறந்தார். தனக்குத் தோன்றும்போது கிளம்புவதிலும் லாபம் இருக்கிறது.

நாலாம்குரல், 12 நவம்பர்

ஓவியத்தில் போன தூரம் இசையில் போகவில்லை என்றீர்களே, கட்டடக்கலைக்கே வருகிறேன். 1436 மார்ச் 25, ஃபிளாரன்ஸ் பேராலயத் திருநிலைப்படுத்தல், மேலே புருனெல்லெஸ்கியின் குவிமாடம். அன்றைக்காக கியோம் துஃபே எழுதிய பாட்டின் நாலு பகுதிகளின் நீளம் 6:4:2:3. அந்தப் பேராலயக் கட்டடத்தின் அளவுகளும் அதே விகிதம்! கல்லில் கட்டியதை ஒலியில் கட்டியிருக்கிறார்.

நாலாம்குரல், 13 நவம்பர்

நேற்றையதில் ஆச்சரியக்குறி போட்டபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கட்டட விகிதம் என்பது 1973-ல் ஒரு ஆய்வாளர் சொன்னது. 1994-ல் இன்னொருவர் அளந்து பார்த்துவிட்டு, பேராலயத்தில் அந்த அளவுகளை வலிந்துதான் எடுக்க முடியும் என்றார். அவர் காட்டியது பைபிள். சாலமோனின் ஆலயம் 60 முழ நீளம், உட்கூடம் 40, அகலம் 20, உயரம் 30. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. பாதிரியார்களுக்கு அளவுநாடாவைவிட வேதம் பழக்கம். பாட்டின் 6:4:2:3 மட்டும் உறுதி.

நாலாம்குரல், 19 நவம்பர்

'கேட்டால் ஒரு மாதிரி சுத்தமாக இருக்கிறது, பியானோவில் இல்லாத சுத்தம், அது என்ன' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சரியான காது.

தம்புராவில் மந்தர ஸட்ஜத்தை மீட்டிவிட்டுக் காத்திருந்தால் யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானாக எழும், ஸ்வயம்பு காந்தாரம். அது 5:4. பியானோவின் காந்தாரம் அதைவிட ஏறக்குறைய 14 சென்ட் (அடுத்தடுத்த இரண்டு பியானோ கட்டைகளின் இடைவெளி 100 சென்ட்) ஏற்றம், பன்னிரண்டையும் சமமாக வெட்டியதால் வந்த வினை. 16ஆம் நூற்றாண்டில் விசைப்பலகைக் கருவிகளை வேறு மாதிரி சேர்த்தார்கள், பியெத்ரோ ஆரோன் 1523-ல் எழுதி வைத்தபடி. காந்தாரம் சுத்தமாக நிற்க வேண்டும், அதற்காக ஒவ்வொரு பஞ்சமத்தையும் துளி குறைத்துக்கொள்ளலாம். துளித் துளியாகச் சேர்ந்த கடன் கடைசியில் ஒரே பஞ்சமத்தின் தலையில் விழும். அது ஊளையிடும், அதற்குப் பெயரே ஓநாய். அந்தப் பக்கம் போகாமல் எழுதுவதுதான் இசையமைப்பாளரின் சாமர்த்தியம். சில ஆர்கன்களில் கறுப்புக் கட்டையை இரண்டாகப் பிளந்து இரண்டு ஸ்வரம் வைத்தார்கள்.

பாடகர்களுக்கு இந்தக் கணக்கு வேண்டாம், காது போதும். எங்கள் குழுவில் கடைசி ஸ்வரத்தில் நிற்கும்போது நடத்துகிற அம்மையார் என்னைப் பார்த்து விரலைக் கீழே காட்டுவார். காந்தாரத்தை ஒரு மயிரிழை இறக்கினால் அறை திடீரென்று அமைதியாகும். சத்தம் குறையாது, உரசல் நிற்கும். பியானோ வைத்துப் பழகிய மற்றவர்களுக்கு இது புதிதாம். எனக்கு அது வீட்டுத் தம்புரா.

நாலாம்குரல், 2 டிசம்பர்

வார்த்தை புரியவில்லை என்ற புகார் பாக்கி. அதே புகார் அன்றைக்கே இருந்தது, அதுவும் மேலிடத்தில். கத்தோலிக்க ஆயர்கள் கூடிய ட்ரெண்ட் சபையில் 1562-ல் இதைப் பேசினார்கள். பல்குரல் இசையையே தடை செய்யப் பார்த்தார்கள், பாலெஸ்த்ரீனா என்ற இசையமைப்பாளர் ஒரு திருப்பலி இசையைப் பாடிக்காட்டிக் காப்பாற்றினார் என்று எங்கும் படிப்பீர்கள். எங்கள் குழுவிலும் எல்லோரும் நம்புகிறார்கள். கதை முதலில் எழுத்தில் வருவது 1607-ல், அவர் இறந்து 13 வருடம் கழித்து.

அதற்கு அடியில் ஒரு உண்மை இருக்கிறது. 1555-ல் மூன்று வாரமே போப்பாக இருந்த இரண்டாம் மார்செல்லஸ், புனித வெள்ளியன்று பாடகர்களைக் கூப்பிட்டு, நாளுக்கேற்ற பாவத்தோடும் வார்த்தை புரியும்படியும் பாடுங்கள் என்று கண்டித்தார். அவர் பெயர் தாங்கிய பாலெஸ்த்ரீனாவின் இசை 1567-ல் அச்சாயிற்று. கேட்டுப் பாருங்கள், ஆறு குரல் இருந்தும் வார்த்தை தெளிவு. மாடிவீட்டுக்காரரும் ஒரு போப்பும் ஒரே கட்சி, இதற்குமேல் என்ன வேண்டும்.

நாலாம்குரல், 2 டிசம்பர், சற்றுப் பிறகு

அச்சு என்றதும் நினைவு வந்தது. பல்குரல் இசையை அச்செழுத்தில் முதலில் கொண்டுவந்தவர் ஒத்தாவியானோ பெத்ரூச்சி, வெனிஸ், 1501. ஒரு பக்கத்தை மூன்று தடவை அச்சில் ஓட்டுவார். கோடுகள் ஒரு தடவை, ஸ்வரங்கள் ஒரு தடவை, எழுத்துகள் ஒரு தடவை. கோட்டின்மேல் புள்ளி சரியாக உட்கார வேண்டும், மயிரிழை நகர்ந்தால் ரி க ஆகிவிடும். அழகான வேலை, ஆனால் விலை எட்டாது. 1528-ல் பாரிஸில் அத்தன்யான் ஒரே ஓட்டத்தில் முடித்தார். கோட்டுத் துண்டும் ஸ்வரமும் ஒரே அச்சில். கோடுகள் விட்டுவிட்டுத் தெரியும், யார் கவலைப்பட்டார்கள், வியாபாரிகள் வீட்டுக்கெல்லாம் பாட்டு வந்துவிட்டது. கொல்லத்தில் நம் தமிழ் நூல் தம்பிரான் வணக்கம் அச்சானது 1578. ஐம்பது வருடத் தூரம்தான்.

நாலாம்குரல், 27 டிசம்பர்

கிறிஸ்துமஸுக்கு எனக்கு நானே க்ரம்ஹார்ன் வாங்கிக் கொடுத்துக்கொண்டேன். பிளாஸ்டிக். குடை கைப்பிடி மாதிரி வளைந்த குழல். நாக்கு ஒரு மூடிக்குள் இருக்கும், உதடு படாது, அதனால் ஏற்ற இறக்கம் கிடையாது, மேல் ஸ்தாயிக்கும் போகாது. ஒன்பது ஸ்வரம், அத்தோடு சரி. நான் ஊதியதும் மகள் ஜன்னலைச் சாத்தினாள். உள்ளே வண்டு வந்துவிட்டதாம். எதிர்வீட்டுக்காரர் மறுநாள் மிக நாகரிகமாக, 'வீட்டில் ஏதாவது பழுதுபார்க்கிறீர்களா' என்று கேட்டார்.

ஆனால் நாலு அளவில் நாலு க்ரம்ஹார்ன் சேர்ந்தால், தேன்கூடு சுருதி சேர்த்துக்கொண்ட மாதிரி. தனியாக வாசிக்கப் பிறந்த கருவியே இல்லை அது. டெனர் வரியைத் தனியாகப் பாடிப் புலம்பியவனுக்கு இது புரிய இவ்வளவு நாளா.

இதைவிட விசித்திரம் ராக்கெட். வானத்தில் பறப்பது இல்லை. ஒரு சாண் உருளை, தேநீர்த் தகர டப்பா மாதிரி, ஆனால் அடிவயிற்றிலிருந்து வரும் மந்தரம். உள்ளே ஒன்பது துளைகளை மேலும் கீழுமாக இணைத்து நீண்ட குழலை மடித்து வைத்திருக்கிறார்கள்.

நாலாம்குரல், 6 ஜனவரி 2024

'பாடுகிறவர்களுக்கான இசை, கேட்கிறவரைப் பற்றிக் கவலையே இல்லை' என்று நவம்பர் 4-ல் அடித்துச் சொன்னேன். பாதிதான் சரி. வீட்டு மேசையைச் சுற்றிப் பாடியவற்றுக்கு அது பொருந்தும். டௌலண்ட் என்ற ஆங்கிலேயரின் 1597 பாட்டுப் புத்தகத்தை விரித்து மேசை நடுவில் வைத்தால் ஒரு குரல் நேராகவும் மற்றவை பக்கவாட்டிலும் தலைகீழாகவும் அச்சாகியிருக்கும், சுற்றி உட்கார்ந்தவர்கள் படிக்க.

ஆனால் அரண்மனையில் கேட்கிறவருக்காக எதுவும் செய்தார்கள். 1454-ல் லீல் நகரில் பர்கண்டிப் பிரபு கொடுத்த விருந்தில் ராட்சதப் பணியாரம் ஒன்று மேசைமேல் இருந்தது, அதற்குள் 28 பேர் உட்கார்ந்து வாசித்தார்கள். இதைக் கேட்கிறவருக்காக இல்லை என்று நான் எப்படிச் சாதிப்பேன்?

ஸ்த்ரிஜியோ என்ற இத்தாலியர் 40 குரலுக்கு ஒரு திருப்பலி இசை எழுதினார், கடைசிப் பகுதியில் 60. பாரிஸ் நூலகத்தில் அதன் சுவடி இருந்தும் பல காலம் யாருக்கும் தெரியவில்லை. பட்டியலில் ஆசிரியர் பெயர் தப்பு, குரல் எண்ணிக்கை 40-க்குப் பதில் 4. ஒரு சுழியம். 2007-ல்தான் லண்டனில் மறுபடி ஒலித்தது. டாலிஸ் என்ற ஆங்கிலேயர் 1570 வாக்கில் எழுதிய 40 குரல் பாட்டு இன்னும் பிரபலம், ஐந்து பேராக எட்டுக் குழு. இதை நடுவில் நின்று கேட்க வேண்டும். இங்கே ஒரு மண்டபத்தில் 40 ஒலிபெருக்கிகளை வட்டமாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு குரலை ஓட்டியதை நான் சுற்றிச் சுற்றி வந்து கேட்டேன். ஒரு பெட்டிக்குப் பக்கத்தில் போனால் ஒருவர் இருமிக்கொண்டு, தப்புத் தப்பாக மூச்சு வாங்கிக்கொண்டு பாடுகிறார். இரண்டு அடி பின்னால் வந்தால் அவர் காணாமல் போய்விடுகிறார்.

நாலாம்குரல், 14 ஜனவரி

மாடிவீட்டுக்காரரின் தனிமடல், அனுமதியோடு சுருக்கம்: 'நீங்கள் சொன்னபடி ஜோஸ்கனின் அந்த ஹெர்குலெஸை எடுத்து டெனரை மட்டும் தொடர்ந்தேன். நாலாவது தடவை ரி ஸ ரி ஸ பிடிபட்டது. ஐந்தாவது தடவை அதை விட்டுவிட்டு மேல் குரலுக்குப் போனேன், வேறு பாட்டு மாதிரி இருக்கிறது. இப்போது இரண்டையும் சேர்த்துக் கேட்க முடியவில்லை, தலை வலிக்கிறது.'

எனக்கும் சேர்த்துக் கேட்க வராது. இரண்டு வரை முடிகிறது, மூன்றாவது வந்தால் முதல் குரல் கைநழுவும். பாஸைப் பிடித்துக்கொண்டு மேலே பாருங்கள், வலி குறையும்.

இந்த வியாழன் ஆல்டோகாரர் ஊரில் இல்லை, அவர் வரியை க்ரம்ஹார்னில் ஊதச் சொல்லியிருக்கிறார்கள். ஆல்டோவுக்குப் பத்து ஸ்வரம் வேண்டும், என்னிடம் ஒன்பது.